ரோலில் மூணு படம் மிச்சம்

(சென்ற ஆண்டு பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஒரு மாதத்துக்கு முன் சங்கச் செயலாளர் போன் செய்தார். "நீங்கதான் கேமராவைத் தூக்கிக்கிட்டு அலையறவராச்சே. ஃபிலிம் நல்லதா, டிஜிட்டல் நல்லதான்னு ஒரு இருபது நிமிஷம் பேசுங்க. பசங்க கேக்கறாங்க" என்றார். பசங்க எதுக்கு ஃபிலிமைப் பற்றிக் கேட்கிறார்கள் என்று எனக்கு ஆச்சரியம். வந்து பார்த்தால், இறுதியாண்டு படிக்கும் ஒரு தம்பி தாத்தாவின் பழைய யாஷிகாவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறான். "ஃபிலிம்தான் சார் உண்மையான போட்டோகிராபி. போன்ல எடுக்கறதெல்லாம் சும்மா" என்கிறான். நான் தலையை ஆட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன். அவனுக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதிலை இப்போது சொல்லப் பார்க்கிறேன்.

நான் முதலில் தொட்ட கேமரா அக்ஃபா க்ளிக் த்ரீ. எங்கள் தாய்மாமனுடையது. அக்ஃபா என்றதும் ஜெர்மனி என்று நினைக்க வேண்டாம், பரோடாவில் செய்தது. ஒரே ஷட்டர் வேகம். வெயில், மேகம் என்று அடையாளம் போட்டிருக்கும். அதைத் தள்ளி வைத்தால் வேலை முடிந்தது. 120 ரோல் போட்டால் சதுரமாகப் பன்னிரண்டு படம் விழும். பன்னிரண்டுதான். அந்த எண்ணிக்கையை மட்டும் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அதில் நாங்கள் போட்டது பெரும்பாலும் "இந்து" ஃபிலிம். இன்றைய மாணவர்களில் எத்தனை பேருக்கு அந்தப் பெயர் தெரியும்? நம் தமிழ்நாட்டிலேயே, ஊட்டியில் தயாரானது. ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் என்ற மத்திய அரசு நிறுவனம் 1960-இல் தொடங்கப்பட்டு, பிரான்சு நாட்டு பௌஷே கம்பெனியின் தொழில்நுட்பத்தோடு 1967-இல் உற்பத்தியில் இறங்கியது. ஃபிலிம் பூசும் இடத்துக்குத் தூசி ஆகாது, சூடு ஆகாது. அதற்கு மலை வசதி. போட்டோ ஃபிலிம், போட்டோ பேப்பர், ஆஸ்பத்திரிக்கான எக்ஸ்ரே ஃபிலிம் எல்லாம் அங்கிருந்து போயின. ஊட்டியில் இந்து நகர் என்று ஒரு பகுதியே இருக்கிறது. "இந்து" என்றால் நிலா. எங்கள் ஓசூர் மலைமேல் இருக்கும் சந்திரசூடேஸ்வரரும் நிலாவைச் சூடியவர்தான். நிலா ஃபிலிமில் நிலாச் சாமியின் தேரைப் படம் பிடிக்கிறோம் என்று அந்த வயதில் எனக்கு ஒரே பெருமை.

டிஜிட்டல் வந்துதான் ஊட்டி ஃபேக்டரி மூடியது என்று பலர் சொல்கிறார்கள். அது சரியில்லை. நம் வீடுகளுக்கு டிஜிட்டல் கேமரா வருவதற்கு முன்பே, 1990-களின் நடுவிலேயே, அது நலிந்த நிறுவனம் ஆகிவிட்டது. பாலியெஸ்டர் ஃபிலிமுக்காகப் பெரிய கடன் வாங்கிப் போட்ட புதுத் திட்டம், ஏறிக்கொண்டே போன வட்டி, 1991-க்குப் பிறகு இறக்குமதி வரி குறைந்து உள்ளே வந்த வெளிநாட்டுச் சரக்கு - இவைதான் அதைச் சாய்த்தன. 2003-இல் மூடிவிடலாம் என்று சீரமைப்பு வாரியம் பரிந்துரை செய்தது. மிச்சமிருந்த தொழிலாளர்களுக்கு 2014-இல் விருப்ப ஓய்வுத் திட்டம் கொடுத்தார்கள். தொழிற்பேட்டையில் வேலை பார்த்தவன் என்பதால், இதைச் சொல்லாமல் தாண்டிப் போக எனக்கு மனசு வரவில்லை.

சரி, பன்னிரண்டுக்கு வருவோம்.

ஒரு ரோல் வாங்கி, கழுவி, பிரிண்ட் போட்டால் என் மாதச் செலவுக் காசில் பாதி போய்விடும். அதனால் ஒரு ரோல் மூன்று மாதம் வரும். எதை எடுப்பது, எதை விடுவது என்று ஒரே யோசனைதான். "அந்த யோசனைதான் சார் ஃபிலிமின் சிறப்பு. நிதானமாப் பாக்கக் கத்துக் கொடுக்கும்" என்று இப்போது சொல்கிறார்கள். இருக்கலாம். எனக்கு அது என்ன கற்றுக்கொடுத்தது என்பதைச் சொல்கிறேன்.

1979 பிப்ரவரி. லீவில் வீட்டுக்குப் போயிருக்கிறேன். எங்கள் வீடு ஓட்டு வீடு. அடுப்படிக்கு மேலே வெளிச்சத்துக்காக ஒரே ஒரு கண்ணாடி ஓடு. காலை பத்து மணிக்கு அந்த ஓடு வழியாக வெயில் சரியாக அடுப்புக்கு நேராக இறங்கும். அம்மா காலை நீட்டிப் பானையை அணைத்துக்கொண்டு ராகிக் களி கிண்டிக்கொண்டிருந்தாள். ஆவி எழும்பி வெயிலில் தூண் மாதிரி நிற்கிறது. எதற்கோ சிரித்தாள். கேமரா என் கையில் இருந்தது. ரோலில் மூணு படம் மிச்சம்.

எடுத்தேனா என்றால், எடுக்கவில்லை. அடுத்த மாதம் தேர். மூணையும் தேருக்கு என்று வைத்திருந்தேன். நான் கேமராவைத் தூக்கி, யோசித்து, இறக்கியதை அம்மாவும் பார்த்தாள். எங்கள் வீட்டில் தெலுங்கு பேசுவோம். "என்னைப் புடிச்சு என்ன பண்ணப் போறே, தேருக்கு வை" என்று தெலுங்கில் சொன்னாள். நானும் நல்ல பிள்ளையாகத் தேருக்கு வைத்தேன்.

தேர்ப் படம் மூன்றும் நன்றாக வந்தன. எல்லா வருஷத்துத் தேர்ப் படம் மாதிரியே வந்தன.

1981-இல் ஓசூர் தொழிற்பேட்டையில் ஒரு வார்ப்படத் தொழிற்சாலையில் தர ஆய்வுப் பிரிவில் வேலை கிடைத்தது. எனக்குப் போட்டோ பைத்தியம் முற்றியது அங்கேதான். வார்ப்படத்துக்குள்ளே காற்றுக்குமிழி இருக்கிறதா, வெடிப்பு இருக்கிறதா என்று பார்க்க ரேடியோகிராபி ஃபிலிமில் படம் எடுப்பார்கள். அதைக் கழுவ ஒரு டார்க் ரூம். நைட் ஷிஃப்ட்டில் அந்த இருட்டறைக்கு நான்தான் ராஜா. சொந்த ரோல்களையும் அதே தொட்டியில் கழுவ ஆரம்பித்தேன். எக்ஸ்ரே டெவலப்பர் முரட்டு டெவலப்பர் என்று அப்போது தெரியாது. முகமெல்லாம் மைதா மாவு மாதிரி வெள்ளை, முடியெல்லாம் தார் மாதிரி கறுப்பு. என் திருமணத்துக்கு வந்த நண்பர்கள் பாதிப் பேர் அப்படித்தான் இருக்கிறார்கள். இந்த அரங்கிலும் இரண்டு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருநாள் ஷிஃப்ட் இன்சார்ஜ் கதவைத் தட்டி, "ஏம்ப்பா, இது ஃபேக்டரியா, ஸ்டூடியோவா?" என்றார். மறுநாள் அவரே தன் மகள் காதுகுத்து ரோலைக் கொண்டுவந்து கொடுத்தார்.

இயற்பியல் மாணவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். ஃபிலிமில் இருப்பது ஜெலட்டினில் கலந்த வெள்ளி உப்புப் படிகங்கள். ஒளி பட்டதும் ஒரு படிகத்தில் நாலே நாலு வெள்ளி அணு ஒன்று சேர்ந்தால் போதும். டெவலப்பர் அந்தப் படிகம் முழுவதையும் கறுப்பு வெள்ளியாக மாற்றிவிடும். நாலு அணு கோடிக்கணக்கான அணுவாகப் பெருகுகிறது. ஒளி படாத படிகத்தை ஹைப்போ கரைத்துக்கொண்டு போய்விடும். சிவப்பு விளக்கு வெளிச்சத்தில், தட்டில் கிடக்கும் வெறும் தாளில் ஒரு முகம் மெல்ல மேலே வருவதைப் பார்த்தவனுக்கு, அதற்கு ஈடு எதுவும் கிடையாது. இதில் அந்த யாஷிகா தம்பியோடு எனக்கு வாதமே இல்லை.

கரைத்த வெள்ளி ஹைப்போவிலேயே தங்கிவிடும். அதனால் பழைய ஹைப்போத் தண்ணீரையும், வேண்டாத எக்ஸ்ரே ஃபிலிமையும் வாங்கிப் போக ஆட்கள் வருவார்கள். சுட்டுக் காய்ச்சி வெள்ளி எடுப்பார்கள். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், கதை இங்கேதான் திரும்புகிறது.

1983-இல் அம்மா தவறிவிட்டாள். காரியத்துக்கு வைக்கப் படம் வேண்டும். வீட்டில் தேடினால் தேர் இருக்கிறது, ராயக்கோட்டை மலை இருக்கிறது, கிருஷ்ணகிரி அணையின் மதகு இருக்கிறது, மாமனின் புது சைக்கிள் இருக்கிறது. அம்மா இல்லை. கடைசியில் 1980-இல் அக்கா கல்யாணத்தில் ஸ்டூடியோக்காரர் எடுத்த குரூப் போட்டோ ஒன்று கிடைத்தது. ஃப்ளாஷ் வெளிச்சத்தில் அம்மா கண்ணை மூடியிருந்தாள். ஸ்டூடியோவில், "கவலைப்படாதீங்க, டச்சிங்கில் சரி பண்ணிடலாம்" என்றார்கள். அம்மாவை மட்டும் தனியாக வெட்டி, பின்னால் நீலம் அடித்து, தூரிகையால் கண்ணைத் திறந்துவிட்டார்கள். நல்ல கைவேலை, குறை சொல்ல முடியாது. அந்தப் படம் நாற்பது வருஷத்துக்கு மேலாக எங்கள் வீட்டுச் சுவரில் மாலையோடு இருக்கிறது. அதில் என்னைப் பார்க்கும் கண் அம்மாவுடைய கண் இல்லை. டச்சிங் செய்த ஓவியர் எந்தக் கண்ணை மனதில் வைத்து வரைந்தாரோ, அந்தக் கண்.

கல்யாண வீட்டில் குரூப் எடுத்தால் "சேஃப்டிக்கு இன்னொண்ணு" என்று போட்டோக்காரர்கள் இரண்டாவது தரம் அடிப்பது வழக்கம். பிரிண்ட் போடுவது ஒன்றுதான்; நெகட்டிவ் இரண்டு இருக்கும். இது எனக்கு உறைக்கவே பல வருஷம் ஆயிற்று. 1999-இல் அந்த ஸ்டூடியோவைத் தேடிப் போனேன். பெரியவர் இல்லை, மகன் இருந்தார். மரியாதையாக உட்கார வைத்து, காபி வாங்கிக் கொடுத்துச் சொன்னார்: "பழைய நெகட்டிவ் எல்லாம் கிலோ கணக்கில் வெள்ளிக்குப் போட்டுட்டோம் சார். எடம் இல்லே." ஓசூர் பக்கம் இருபது வருஷத்துக் கல்யாணம், காதுகுத்து, வேலைக்கு மனுப் போட எடுத்த பாஸ்போர்ட் சைஸ் முகம், எல்லாம் உருகி எவர் வீட்டுக் கொலுசாகவோ போய்விட்டது. அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. மூணு படம் கையில் வைத்துக்கொண்டு எடுக்காதவன் நான்.

ஆகவே தம்பி, ஃபிலிம் அழியாது என்று யாராவது சொன்னால் நம்பாதே.

டிஜிட்டல் பக்கம் வருகிறேன். 1975-இல் கோடாக் கம்பெனியின் இன்ஜினியர் ஸ்டீவன் சாசன் முதல் டிஜிட்டல் கேமராவைச் செய்தார். மொத்தமே பத்தாயிரம் புள்ளி. ஒரு படத்தை டேப் கேசட்டில் பதிய 23 விநாடி. நான் க்ளிக் த்ரீயைத் தொடுவதற்கு முன்பே அது இருந்திருக்கிறது! அதே கோடாக் 2012-இல் திவால் மனு கொடுத்தது. நான் முதல் டிஜிட்டல் வாங்கியது 2004-இல், கிருஷ்ணகிரி தனி மாவட்டமான அதே வருஷம். அதற்கு முன் கலர் ரோலைக் கழுவ ஜூஜூவாடி தாண்டி, அத்திப்பள்ளி வழியாக பெங்களூருக்கு பஸ் ஏறுவேன். கொடுத்துவிட்டு வந்தால், வாங்க இன்னொரு ஞாயிற்றுக்கிழமை. அந்த நாற்பது கிலோமீட்டரை டிஜிட்டல் ஒரே நாளில் அழித்துவிட்டது.

எனக்கு டிஜிட்டல் செய்த பெரிய உபகாரம் யானை. ராகி அறுக்கும் சமயத்தில் பன்னேர்கட்டா பக்கமிருந்து தளி, ஜவளகிரி வழியாகக் கூட்டமாக வந்து சானமாவுக் காட்டில் தங்கும். வெளியே வருவது இருட்டும் வேளையில். 400 ஃபிலிம் போட்டு அந்த வெளிச்சத்தில் எடுத்தால் கறுப்புப் பாறை நகர்ந்த மாதிரி ஒரு கறை விழும், அவ்வளவுதான். டிஜிட்டலில் தூரத்து ஏரிக்கரையிலேயே நின்று, ஃப்ளாஷ் இல்லாமல், குட்டியின் காது மடிப்பு தெரிய எடுக்கிறேன். (பக்கத்தில் போய் செல்ஃபி எடுக்கிற தம்பிகளுக்கு: யானைக்கு உங்கள் லைக் பற்றித் தெரியாது.) ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். மா. கிருஷ்ணன் என்று ஒரு மேதை இருந்தார், நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். பல பாகங்களைச் சேர்த்துத் தானே உருவாக்கிக்கொண்ட ஒரு கனத்த கேமராவைத் தூக்கிக்கொண்டு, 1996-இல் மறையும்வரை கறுப்பு வெள்ளையிலேயே காட்டு யானைகளை எடுத்தார். அவர் படத்தைப் பார்த்துவிட்டு என் படத்தைப் பார்த்தால் நான் கேமராவைக் கீழே வைத்துவிடுவேன். அவர் யானையைப் பல்லாண்டுகள் பார்த்துவிட்டு எடுத்தார். நான் எடுத்துவிட்டு வீட்டில் போய்ப் பார்க்கிறேன்.

2009-இல் பேத்தி பிறந்தாள். மூணு படம் மிச்சம் வைத்தவன் விடுவேனா? தூங்கினால் படம், அழுதால் படம், சோறு துப்பினால் படம். ஐந்து வருஷத்தில் ஒன்பதாயிரத்துக்கு மேல். ஒன்றைக்கூடப் பிரிண்ட் போடவில்லை, எல்லாம் ஒரே ஹார்ட் டிஸ்க்கில். 2014-இல் ஒருநாள் அது மேசையிலிருந்து விழுந்தது. அப்புறம் கம்ப்யூட்டரில் போட்டால் டிக், டிக், டிக் என்று சத்தம் மட்டும். பெங்களூர் வரை கொண்டுபோனேன். மீளவில்லை. இன்று அவளுடைய அந்த ஐந்து வருஷத்தில் என்னிடம் இருப்பது அறுபத்திரண்டு படம். வெளிநாட்டிலிருக்கும் என் தம்பிக்கு அவ்வப்போது மெயிலில் அனுப்பியவை. அவன் அழிக்காமல் வைத்திருந்தான். "அண்ணா, உன் படத்தை அழிக்கறதுக்குச் சோம்பேறித்தனம்" என்றான். அவன் சோம்பேறித்தனம் வாழ்க!

ஒரு விஷயம் மட்டும் என்னை இன்னும் யோசிக்க வைக்கிறது. கொரோனா ஊரடங்கு சமயத்தில், 2020-இல், பழைய க்ளிக் த்ரீ நெகட்டிவ்களை எடுத்து ஸ்கேன் செய்தேன். பட்டர் பேப்பர் கவரில் இருந்தவை தப்பியிருந்தன. பிளாஸ்டிக் கவரில் இருந்தவற்றில் பாதி பூஞ்சை. 1978-இல் சந்திரசூடேஸ்வரர் மலையிலிருந்து கோபுரத்தை எடுத்த படம் ஒன்று. கோணல் மாணலாக எடுத்திருக்கிறேன். கோபுரம் ஓரத்துக்குப் போய்விட்டது. அன்று அதைத் தோல்வி என்று தூக்கிப் போட்டிருந்தேன். கம்ப்யூட்டரில் பெரிதாக்கினால் கோபுரத்துக்குக் கீழே ஓசூர் தெரிகிறது. ராமநாயக்கன் ஏரி. அதைத் தாண்டி வெறும் கொல்லைகள், நடுவே ஒரு வண்டித் தடம், ஒரு கவலைக் கிணறு. நாங்கள் நடந்து பள்ளிக்கூடம் போன தடம் அது. இன்று அந்தத் தடத்தைக் காட்டு என்றால் எனக்கே தெரியாது, அவ்வளவு கட்டிடம். தேரை எடுத்த படங்களை யாரும் கேட்பதில்லை. இந்தக் கோணல் படத்துக்கு என்னிடம் இதுவரை பதினைந்து பேர் காப்பி வாங்கிப் போயிருக்கிறார்கள். அதே இடத்தில் அதே கோணலோடு நின்று ஒவ்வொரு ஜனவரியிலும் டிஜிட்டலில் ஒரு படம் எடுத்துவருகிறேன். யாராவது மாணவர் இதை எனக்குப் பிறகும் தொடர்ந்தால் சந்தோஷப்படுவேன். நான் நிற்கும் பாறையை அடையாளம் காட்டுகிறேன்.

யாஷிகா தம்பி, இப்போது உன்னிடம் பேசுகிறேன். ஃபிலிம் போடு. இன்றைக்கு ஒரு ரோல் வாங்கிக் கழுவி ஸ்கேன் செய்ய ஆயிரம் ரூபாயைத் தாண்டுகிறது என்று தெரியும், இருந்தாலும் போடு. ஆனால் அந்த 36-இல் முதல் படத்தை உன் வீட்டு அடுப்படியில் எடுத்துவிட்டு, அப்புறம் மலைக்கும் ஏரிக்கும் போ. போனில் எடுக்கிறவர்கள் வருஷத்துக்குப் பன்னிரண்டு படம், ஒரு க்ளிக் த்ரீ ரோல் அளவு, பிரிண்ட் போட்டு வையுங்கள். பின்னால் மெல்லிய பென்சிலால் பெயர், ஊர், தேதி எழுதுங்கள். பால் பாயிண்ட் பேனா வேண்டாம், மை முன்பக்கம் கசியும். மிச்சத்தை இரண்டு இடத்தில் வையுங்கள். ஒன்று வேறு ஊரில், சோம்பேறித் தம்பி யாராவது இருந்தால் அவன் வீட்டில்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இயற்பியல் சோதனைக்கூட வாசலில் ஒரு மேசை போட்டிருக்கிறோம். ஸ்கேனர் இருக்கிறது. கல்லூரிக் காலப் படம், நெகட்டிவ் எது இருந்தாலும் கொடுங்கள். பத்து நிமிஷத்தில் காப்பி எடுத்துக்கொண்டு அங்கேயே திருப்பித் தருகிறோம். 1979 குரூப் போட்டோ என்னிடம் இருக்கிறது. முதல்வர் இருக்கிறார், நாம் எல்லோரும் இருக்கிறோம், குரோட்டன்ஸ் தொட்டிகூட இருக்கிறது. மூணு வருஷம் நமக்குச் சோறு போட்ட ஹாஸ்டல் சமையல்காரர் அதில் இல்லை. "களி வேணுமா, சாதமா?" என்று வரிசையில் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்துக் கேட்பாரே, அவர்தான். பத்துப் பன்னிரண்டு பேரிடம் விசாரித்துவிட்டேன், யாரிடமும் அவர் படம் கிடையாது. ஹாஸ்டல் டே அன்று நீங்கள் உங்கள் நண்பனை எடுத்த ஏதாவது ஒரு படத்தில், பின்னால் கதவோரம் கரண்டியோடு நிற்கிறாரா என்று வீட்டுக்குப் போய்க் கொஞ்சம் பாருங்கள். மேசை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஐந்து மணிவரை திறந்திருக்கும்.